லத்தீஃபே அழுத்தாத பொத்தான்

நொயெமி பொத்தானை அழுத்தினாள். சாப்பாட்டு மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி கிர்ரென்று கத்தியது. பிறகு அதன் வயிற்றுக்குள்ளிருந்து, உதவி மையத்தில் தொலைபேசியைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்ணின் குரல் கொட்டாவியோடு வந்தது.

"லத்தீஃபே அம்மா? என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"நான்தான், நொயெமி. வேல செய்யுதான்னு பாக்குறேன்."

"இப்பத்தானே படுக்கையறையிலேர்ந்து பாத்தீங்க?"

"இப்ப சமையலறைத் தரையிலேர்ந்து பாக்குறேன்."

உண்மைதான். அந்த மையத்தில் வேலை பார்க்கும் ஐம்பத்தெட்டு வயது நொயெமி ஃபிஷ்பெய்ன், குளிருக்குப் போட்டிருந்த மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே மல்லாந்து படுத்திருந்தாள். லத்தீஃபே விழுந்து கிடந்த அதே இடம். அங்கிருந்து வலக்கையால் அழுத்திப் பார்த்தாள், இடக்கையால் அழுத்திப் பார்த்தாள், பொத்தானை நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் வைத்துக் குப்புறப் புரண்டும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெட்டி ஒழுங்காகக் கத்தியது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த லத்தீஃபே ஜப்பாஸ் கைத்தடியால் அவள் காலை லேசாகத் தட்டினாள். "எழுந்திரு, என் உசுரே. தரை சில்லுனு இருக்கும். மூட்டு பிடிச்சுக்கும்."

"உங்களுக்குத் தெரியாதா என்ன? வெள்ளிக்கிழம ராத்திரிலேர்ந்து சனிக்கிழம ராத்திரி வரைக்கும் இங்கதானே கெடந்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன்."

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு மர்மமும் இல்லை. கழுத்தில் கயிற்றோடு தொங்குவது பொத்தான். அதை அழுத்தினால் வீட்டிலிருக்கும் பெட்டிக்குத் தெரியும். பெட்டி தொலைபேசிக் கம்பி வழியே மையத்தைக் கூப்பிடும். மையத்தில் இருப்பவர் பெட்டியின் ஒலிபெருக்கியில் பேசுவார். விழுந்தவர் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னால் போதும். வீட்டின் மாற்றுச் சாவி மையத்தில் ஒரு ஆணியில் தொங்கும். யாராவது அதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். புவெனோஸ் ஐரெஸ் நகரத்தில், ஒன்ஸே வட்டாரத்துத் துணிக்கடைகளுக்கு மேலே தனியாக வாழும் யூத முதியவர்கள் பலரை இந்தச் சின்னப் பெட்டிதான் சொந்த வீட்டில் இருக்கவிட்டிருக்கிறது.

லத்தீஃபேக்கு எண்பத்திரண்டு வயது. புத்தி தெளிவு. விழுந்தபோது மயங்கவில்லை, கை உடையவில்லை, இடுப்பில் அடி, அவ்வளவுதான். பொத்தான் கழுத்திலேயே இருந்தது. சனிக்கிழமை இரவு பனாமாவிலிருந்து மகன் எலியாஸ் வழக்கம்போலக் கூப்பிட்டு, யாரும் எடுக்காததால் மையத்துக்குச் சொல்லி, நொயெமி சாவியோடு வந்து கதவைத் திறந்தபோது, லத்தீஃபே தரையிலிருந்து தலையைத் தூக்கி, "காலத் தொடச்சிட்டு வா, மழ பெய்யுது" என்றாள்.

அப்புறம் ஏன் அழுத்தவில்லை?

கேட்பவருக்கு முதலில் தோன்றுவது ஓய்வுநாள். வெள்ளி அந்தியிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை லத்தீஃபே விளக்கு போடமாட்டாள், தொலைபேசி எடுக்கமாட்டாள், மின்தூக்கியில் ஏறமாட்டாள். அலெப்போவிலிருந்து கப்பலேறி வந்த அவளுடைய அப்பா அம்மா காலத்திலிருந்தே அந்த வீட்டில் அப்படித்தான். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாளை மீறலாம் என்பது யூதக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் தெரியும். போதாததற்கு, கருவியைப் பொருத்திய அன்றே பாசோ தெருத் தொழுகைக்கூடத்து மதகுருவான ரபி நேரில் வந்து பொத்தானைக் கையில் பிடித்துச் சொல்லியிருந்தார்: "அழுத்தலாம்னு சொல்லல, லத்தீஃபே. அழுத்தியே ஆகணும்னு சொல்றேன்." லத்தீஃபேயும் தலையாட்டினாள்.

அப்போது சமையலறை ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"அடியே லத்தீஃபே! என்ன அங்க பெட்டி கத்திக்கிட்டே இருக்கு?"

"உன் ரேடியோவவிடக் கம்மியாத்தான் கத்துது!"

கட்டடத்தின் நடுவே, காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் கிணறு மாதிரி மேலிருந்து கீழ்வரை திறந்தவெளி விட்டிருந்தார்கள். எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதற்குள்தான் பார்க்கும். எதிர் ஜன்னலில் தலையை நீட்டியவள் பெர்த்தா க்ரின்ப்ளாட். ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரி, கணவனை இழந்தவள், கடவுளை அதற்கும் முன்பே இழந்தவள். ஓய்வுநாளில் வேண்டுமென்றே ஜன்னலோரம் நின்று புகைபிடிப்பாள் என்று லத்தீஃபே சொல்வாள். தளத்தில் இரண்டே வீடுகள், இரண்டு பேரும் நாற்பது வருடமாகச் சண்டை.

நொயெமி ஜன்னலருகே போனாள். "பெர்த்தா, அன்னிக்கு ராத்திரி இவங்க கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையா?"

"கூப்பிட்டாளா? எங்க கூப்பிட்டா? வேதத்துல வர்ற சங்கீதம் சொல்லிக்கிட்டு இருந்தா. வழக்கமான முணுமுணுப்பு. சரி, மூதேவி நல்லாத்தான் இருக்கான்னு தூங்கிட்டேன். ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருக்கமாட்டேனா?"

நொயெமி திரும்பி லத்தீஃபேயைப் பார்த்தாள். ஓய்வுநாளில் பொத்தானை அழுத்தத் தயங்கலாம். ஆனால் கத்துவதற்கு எந்தத் தடையும் இல்லையே. வாய்க்குப் பொத்தானா இருக்கிறது?

"ஏம்மா கத்தல?"

லத்தீஃபே கிப்பே என்னும் இறைச்சி உருண்டைகளுக்குக் கோதுமை ரவையை ஊறப்போடுவதில் மும்முரமானாள். "தோணல" என்றாள்.

மையம் முன்பு துணிக்கிடங்காக இருந்த கட்டடத்தில் இருந்தது. கீழ்த்தளத்தில் மருந்துகள்: வீடுகளில் மிச்சமான மாத்திரைகளை வாங்கி, காலாவதி பார்த்து, பிரித்து, மருந்துச் சீட்டோடு வருபவர்களுக்குக் கொடுப்பார்கள். பின்னால் உடுப்புகள். உடுப்பறையை ஒரு கடை மாதிரியே வைத்திருந்தார்கள், கண்ணாடியும் மாட்டுக்கொக்கிகளுமாக. வருபவர் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுப்பார், பை கடைப்பை மாதிரியே இருக்கும், தெருவில் போகும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியக்கூடாது, வாங்கியவர் யார் என்று கொடுத்தவருக்குத் தெரியக்கூடாது. இதற்காகவே கொடுப்பவர்கள் பின்வாசல் வழியாகவும் வாங்குபவர்கள் முன்வாசல் வழியாகவும் வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நொயெமிக்கு இந்த ஏற்பாடெல்லாம் கடிகாரத்தைத் திறந்து பார்ப்பதுபோல ஆச்சரியமாக இருந்தது. இப்போதும் பிடிக்கும். ஆனால் கால்கள்தான் பிடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கியிருந்தன. அவள் ஓய்வுநாள் பார்ப்பவள் அல்ல. அதனாலேயே சனிக்கிழமைக் காவல், அதாவது அன்று மையத்துக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுக்கும் வேலை, ஒவ்வொரு வாரமும் அவள் தலையில் விழுந்தது. மற்ற நாட்களில் அவளுக்கென்று கொடுத்த வீடுகள். ஒரு வீட்டில் அடுப்பு எரியாது, ஒரு வீட்டில் மின்சாரம் வெட்டியிருப்பார்கள், ஒரு வீட்டில் எல்லாம் இருக்கும், பேச ஆள் இருக்காது. சாயங்காலம் பேருந்தில் ஏறினால் நின்றபடியே கண் மூடிவிடும்.

மேலாளர் மவுரிசியோ லெர்னர் கையில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குவளையோடு அவள் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றான்.

"லத்தீஃபே அம்மாவோட பையன் மறுபடியும் போன் பண்ணான், நொயெமி. நகரத்துக்கு வெளிய இருக்கே நம்ம முதியோர் இல்லம், அங்க ஒரு ரூம் காலியாகுது. மூணு வாரம் வெச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் வேற ஆளுக்குப் போயிடும்."

"லத்தீஃபே அம்மா போகமாட்டேன்னு சொல்றாங்க."

"யாருதான் போறேன்னு சொல்றாங்க? 'பொத்தான் இருக்கு, தனியா இருக்கலாம்'னு கையெழுத்துப் போட்டது நாம. பொத்தான் இருந்தும் ஒரு ராத்திரி ஒரு பகல் தரையில கெடந்திருக்காங்க. அடுத்த தடவ எலும்பு உடைஞ்சா பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

 அந்த இல்லத்துக்கு நொயெமியே எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். மோசமான இடமில்லை. தோட்டம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். லத்தீஃபேயைப் பொறுத்தவரை ஒரே ஒரு குறைதான்: அங்கே அவளுக்கென்று அடுப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை தன் கையால் சமைக்காத லத்தீஃபே எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை.

"பையன் என்ன சொல்றான்?"

"அழுதான்" என்றான் லெர்னர். "பனாமாவுல துணி வியாபாரம். அங்க வான்னு கூப்பிட்டா வரமாட்டேங்குறாங்க, இங்க தனியா விடவும் பயமா இருக்கு, நான் என்ன சார் பண்றதுன்னு கேக்குறான். எனக்குந்தான் தெரியல."

அடுத்த நாட்களில் நொயெமி காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ரேடியோ ஓடாதபோது எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று கழற்றிக் கழற்றிப் பார்ப்பதுபோல.

உதவிக்கு வருகிறவளும் யூதப்பெண்தானே, தன்னால் அவள் ஓய்வுநாளில் வண்டியேற வேண்டியிருக்குமே என்ற தயக்கமோ? "நீ என்னால ஒண்ணும் பஸ் ஏறப்போறதில்ல. சினிமாவுக்குப் போறப்ப ஏறலையா?" என்றாள் லத்தீஃபே. அது இல்லை.

மறதியோ? பொத்தான் எங்கே, எப்படி, யார் பேசுவார்கள் என்று கேட்டால் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். அதுவும் இல்லை.

கடைசியில், கேட்கவே பிடிக்காத கேள்வியைக் கேட்டாள். "அம்மா, வாழ்ந்தது போதும்னு தோணுதா?"

லத்தீஃபே சிரித்தேவிட்டாள். "சாகணும்னு நெனச்சிருந்தா வெள்ளிக்கிழம அத்தன கிப்பே எதுக்குப் பண்ணேன்? சாப்பிடு. இளைச்சுப்போயிட்ட. கண்ணுக்குக் கீழ பாரு, கருவளையம். உன்ன யாரு கவனிக்கிறா?"

நொயெமி சாப்பிட்டாள். பசித்திருந்தது.

ரபி மறுபடியும் வந்தார். மறுபடியும் சொன்னார். லத்தீஃபே மறுபடியும் தலையாட்டினாள். அதற்கடுத்த திங்கட்கிழமை நொயெமி போனபோது, முழங்கையில் நீலம் பாரித்த தடம்.

"இது எப்ப?"

"அது ஒண்ணுமில்ல. சனிக்கிழம காலைல குளியலறைல கொஞ்சம் வழுக்கிச்சு. நாற்காலியப் பிடிச்சு எழுந்துட்டேன்."

"எழுந்திரிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மணி பாக்கல."

"பொத்தான்?"

"கழுத்துலதான் இருந்துச்சு" என்று பெருமையாகச் சொன்னாள், அதைக் கழற்றாமல் இருந்ததே பெரிய கீழ்ப்படிதல் என்பதுபோல.

நொயெமிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. தெருவுக்கு இறங்கி, துணிச் சுருள்களை ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு வழிவிட்டு நடந்தபோதே முடிவு செய்தாள்: இல்லத்துக்குச் சரி என்று லெர்னரிடம் சொல்லிவிடலாம். லத்தீஃபேயிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை காலை. நொயெமி வீட்டில் காவல் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெந்நீரில் கால்களை ஊறவைத்து உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி கத்தியது. திரையில் லத்தீஃபேயின் பெயர். கால் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிக் கவிழ்த்தது.

"அம்மா! விழுந்துட்டீங்களா? எங்க அடி?"

"நான் எங்க விழுந்தேன்? நல்லா நின்னுக்கிட்டிருக்கேன்" என்றது லத்தீஃபேயின் குரல், பெட்டியிலிருந்து எட்ட நின்று கத்துவதுபோல. "பெர்த்தா விழுந்துட்டா. ஆம்புலன்ஸ் அனுப்பு. சீக்கிரம்!"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ரேடியோல மந்திரி பேசிக்கிட்டே இருக்கான், அவ திட்டவே இல்ல. மந்திரி பேசி இவ திட்டாம இருந்த நாளே கெடையாது. கதவத் தட்டிப் பாத்தேன், தொறக்கல. ஏன் இன்னும் பேசிக்கிட்டிருக்க? அனுப்பு!"

நொயெமி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அடுத்து அந்தக் கட்டடத்துக் காவலரைக் கூப்பிட்டாள். அவர் மாற்றுச் சாவியோடு மேலே ஓடினார். நொயெமி ஈரக்காலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வாடகைக்காரைப் பிடித்துப் போய்ச்சேர்ந்தபோது, பெர்த்தா தன் சோபாவில் கையில் சர்க்கரைத் தண்ணீர் ஏறும் குழாயோடு படுத்திருந்தாள். நீரிழிவுக்காரி. காலையில் ஊசி போட்டுக்கொண்டவள் சாப்பிட மறந்திருக்கிறாள். சர்க்கரை இறங்கி, சமையலறையிலேயே சரிந்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்று ஆம்புலன்ஸ்காரர் நொயெமியிடம் தனியே சொன்னார்.

வாசல்படியில் கைத்தடியை ஊன்றி லத்தீஃபே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

பெர்த்தா கண்ணைத் திறந்தாள். "யாரு இந்தக் கூட்டத்தையெல்லாம் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றாள் லத்தீஃபே வாசலிலிருந்து.

"நீயா? பட்டன அமுக்கினியா? ஓய்வுநாள்லயா?" பெர்த்தாவின் உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது. "உன் கடவுள் உன்ன சும்மா விடுவாரா?"

"உன்ன இப்பவே மேல கூப்பிட்டுக்க அவருக்கும் பயம்போல. வாயத் தொறந்தா சங்கம் ஆரம்பிச்சிருவியேன்னு."

"நான் செத்தா உனக்கு நல்லதுதானே? சிகரெட் நாத்தம் போயிடும்."

"நீ போயிட்டா ஞாயித்துக்கிழம நான் யாரோட சண்ட போடுவேன்? படு. வாய மூடு. குழாய் கழண்டுரும்."

ஆம்புலன்ஸ் போன பிறகு, நொயெமி லத்தீஃபேயின் சமையலறையில் உட்கார்ந்தாள். அடுப்புமேல் மூடிய பாத்திரங்கள். முந்தின நாளே லத்தீஃபே அடுப்பைச் சிறு தீயில் வைத்து, மேலே தகடு போட்டு மூடியிருந்தாள். ஓய்வுநாள் சமையல் அப்படித்தான் சூடு தணியாமல் இருக்கும். லத்தீஃபே ஒரு தட்டில் கிப்பே வைத்தாள். நொயெமி சாப்பிடவில்லை.

"அம்மா. யோசிச்சீங்களா?"

"எதுக்கு?"

"பொத்தான அழுத்துறதுக்கு முன்னாடி. யோசிச்சீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மத்தவங்க உயிருன்னா யோசிக்கக் கூடாது. ஓடணும். மீறலாமான்னு கேட்டுக்கிட்டு நிக்கிறவன் அடுத்தவன் ரத்தத்தச் சிந்தினவன் மாதிரின்னு எங்கப்பா சொல்வாரு. சின்னப் புள்ளைலேர்ந்து தெரியும்."

"உங்க உயிருன்னா?"

லத்தீஃபே கைத்தடியின் நுனியைத் தரையில் உருட்டினாள். முதல் தடவையாக அவள் பதில் சொல்லத் தயாரானாள் என்று நொயெமிக்குத் தோன்றியது.

"அது வேற. உயிருக்கு ஆபத்துன்னா அழுத்தணும்னு ரபி சொன்னாரு. சரி. ஆனா அது ஆபத்தா இல்லையான்னு யாரு சொல்றது? நான்தானே சொல்லணும்? அன்னிக்கு விழுந்தேன். மூச்சு வருதான்னு பாத்தேன், வந்துச்சு. பேச்சு வருதான்னு பாத்தேன், சங்கீதம் சொன்னேன், வந்துச்சு. வலிச்சுது. வலி ஆபத்தா? இல்லையே. கொஞ்ச நேரத்துல எழுந்துருவோம்னு நெனச்சேன். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம். யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். விடிஞ்சிருச்சு."

"பெர்த்தாவக் கூப்பிட்டிருக்கலாமே?"

"ஒண்ணுமில்லாததுக்கு அவளத் தூக்கத்துலேர்ந்து எழுப்பவா? ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவா. நீயே சொல்லு, ரெண்டும் ஒண்ணா? அவளுக்கு ஆபத்து. எனக்கு இடுப்பு வலி."

நொயெமி தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். எல்லாப் பாகங்களையும் சோதித்துவிட்டதாக நினைத்தாளே, ஒன்றை விட்டிருக்கிறாள். பெட்டி நன்றாக இருக்கிறது, கம்பி நன்றாக இருக்கிறது, சட்டம்கூட நன்றாக இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்துமுன் ஒருவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்: இது ஆபத்தா இல்லையா? அந்தத் தீர்ப்பை விழுந்தவளிடமே கொடுத்திருந்தார்கள். லத்தீஃபே தன் வழக்கில் எப்போதும் தனக்கு எதிராகத்தான் தீர்ப்பெழுதுவாள். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து பழகியவள். ரபி நூறு தடவை சொன்னாலும், ரபி சொன்ன விதியை அவள் மீறப்போவதில்லை. தன் விஷயம் அந்த விதிக்குள் வராது என்று மட்டும் சொல்வாள். அதே பெண், எதிர் ஜன்னலிலிருந்து ரேடியோவைத் திட்டும் குரல் வரவில்லை என்றதுமே, ஒரு கணம் தயங்காமல் அழுத்திவிட்டாள்.

குறை அவளிடம் இல்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் தப்பான ஆளை உட்காரவைத்திருந்தார்கள்.

"இப்ப சாப்பிடு" என்றாள் லத்தீஃபே. நொயெமி சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை லெர்னர் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினான். "பெர்த்தா நம்மகிட்ட பதிஞ்சவங்களே இல்லையே. நாம ஒரு தடவ சாப்பாட்டுப் பெட்டி அனுப்பினப்ப, 'ரபிங்க சோறு வேணாம்'னு திருப்பி அனுப்பினவங்கதானே?"

"அவங்களுக்கு உதவி தரப்போறதில்ல. அவங்ககிட்ட உதவி கேக்கப்போறேன். வில்லா கிரெஸ்போ வட்டாரத்துல ஒரு பெரியவர் போன மாசம் தவறிட்டார்ல, அவரோட பெட்டி அலமாரில சும்மாதான் கெடக்கு. அத பெர்த்தாவுக்குக் குடுத்தா, ஒருத்தருக்காக ஒருத்தர் அழுத்துவாங்க."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழுந்தா?"

"அது நடக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. படுத்துத் தூங்குற நேரத்துல விழுந்தாலும் காலைலதான் தெரியும். ஆனா இப்ப ஒரு ராத்திரியும் ஒரு பகலும் யாரும் பாக்காம விடுறோம். இனி அது ஒரு ராத்திரியோ ஒரு பகலோ, அதத் தாண்டாது."

லெர்னர் குவளையை உறிஞ்சினான். அதில் தண்ணீர் தீர்ந்து வெறும் காற்றுச் சத்தம் வந்தது. "இந்த ஓய்வுநாள் தாண்டட்டும். வேல செஞ்சா பையன்கிட்ட நானே பேசுறேன். இல்லன்னா ரூமுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

பெர்த்தா கதவை முழுதாகத் திறக்காமலே கேட்டாள். "என்மேல பரிதாபப்பட வந்தியா?"

"இல்ல. லத்தீஃபே அம்மா தனக்கு ஒண்ணுன்னா வாயத் தொறக்கமாட்டேங்குறாங்க. அவங்களுக்காக அழுத்த ஒரு ஆள் வேணும். அவங்களக் கொஞ்சம்கூட மதிக்காத ஆளா இருந்தா நல்லது. அவங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா நம்பாத ஆள்."

பெர்த்தா கதவை முழுதாகத் திறந்தாள். பொத்தான் கயிற்றை வாங்கித் தலைவழியே போட்டுக்கொண்டாள். "அவ சொல்ற எதையும் நான் நம்பினதில்ல" என்றாள்.

லத்தீஃபேயிடம் இன்னும் எளிதாக முடிந்தது. பெர்த்தாவுக்குச் சர்க்கரை எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், ஓய்வுநாளிலும் காதை அந்தப் பக்கமே வைத்திருங்கள் என்று சொன்னால் போதுமாக இருந்தது. லத்தீஃபே முதலில் விழுந்த இரவு வெறும் முணுமுணுப்பைக் கேட்டே பெர்த்தா ஏமாந்துபோனதால், காதில் விழும் சத்தத்தை நம்பக்கூடாது, இரவும் காலையும் ஜன்னலிலிருந்து கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும் என்று மட்டும் நொயெமி இருவரிடமும் வற்புறுத்தினாள். சங்கீதம் தரையில் கிடந்தும் சொல்லலாம், ரேடியோ ஆள் இல்லாமலும் பேசும். ஜன்னலுக்கு எழுந்துவந்து பதில் சொல்ல நிற்கிறவளால் மட்டும்தான் முடியும்.

ஓய்வுநாளன்று காலையில் தொலைபேசி கத்தவில்லை. அன்று இரவு எலியாஸ் கூப்பிட்டபோது அம்மாவே எடுத்தாள். காலையில் எட்டு மணிக்குத் தான் ஜன்னலுக்கு வரக் கொஞ்சம் தாமதமானதற்கே அந்த நாத்திகக்காரி கெட்ட வார்த்தையில் திட்டியதாகவும், அடுத்த நிமிஷம் பொத்தான்மேல் கை வைத்துக்கொண்டு நின்றதாகவும் மகனிடம் புகார் சொன்னாள். எலியாஸ் சிரித்துக்கொண்டே லெர்னரைக் கூப்பிட்டான். இல்லத்து அறை வேறொருவருக்குப் போயிற்று.

நொயெமி தன் வீடுகளில் இன்னும் சிலருக்கு இதையே செய்யத் தொடங்கினாள். மாடிப்படிகள் அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கிச் சொல்லும்போது வார்த்தை குழம்பாதபடி, ஏற்பாட்டைச் சுருக்கிக்கொண்டாள்:

உங்கள் கழுத்தில் இருக்கும் பொத்தான் உங்களுக்கு இல்லை, எதிர்வீட்டவருக்கு. இரவு படுக்கும்முன் ஒரு தரம், காலையில் எழுந்ததும் ஒரு தரம், ஜன்னலிலிருந்து அவரைக் கூப்பிடுங்கள். அவரும் உங்களைக் கூப்பிடுவார். ஜன்னலுக்கு வந்து பதில் சொன்னால் போய்ப் படுங்கள். வராவிட்டால் யோசிக்காமல் அழுத்துங்கள்.